வேம்புலி போடாத ரிங்

தூணை உடைக்க வேம்புலிக்கு இருபது நிமிஷம் பிடித்தது. வேம்புலியின் கையை உடைக்க இளங்கோவுக்கு ஒரே அடி போதுமாக இருந்தது. சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கட்டை, வலது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. எலும்பு முறிகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரிதான் இருந்தது. நான் எட்டடி தள்ளி, கையில் சர்வே பாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

இளங்கோ என் அண்ணன் பிள்ளை. பெரியப்பா மகன் பரந்தாமன் அண்ணனுக்கு ஒரே மகன். அந்த அடிக்கு யார் யார் காரணம் என்று பட்டியல் போடச் சொன்னால், இளங்கோவின் பெயருக்கு மேலே என் பெயரைப் போடுவேன். அதற்கும் மேலே தன் பெயரைப் போடச் சொல்லி வேம்புலி சண்டைக்கு வருவார். அப்படிப்பட்ட ஆள்.

என் பெயர் வசந்தா. வானகரத்தில் பிறந்து பருத்திப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் வீட்டு ப்ளான் வரைந்தேன். அந்த அலுவலகத்தை மூடிய பிறகு எந்த வேலை வந்தாலும் செய்கிறேன். போன வருஷம் வந்தது நிலநடுக்க சர்வே. ஒரு கல்லூரிக்காரர்கள் நடத்தியது. எனக்கு வானகரம் பக்கம் நானூற்றுச் சொச்சம் கட்டடங்கள் ஒதுக்கினார்கள்.

"மெட்ராஸ்ல ஏதும்மா பூகம்பம்?" என்று கேட்காத வீடு இல்லை. 2012-இல் ஒரு மத்தியானம் நாற்காலி ஆடி, அலுவலகத்தில் எல்லாரும் செருப்பு கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினோம். சாயங்காலம் அதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அதோடு மறந்தாயிற்று. நம்மூர் பெரிய ஆபத்து மண்டலத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அலட்சியம் அதிகம்.

பாரம் இரண்டு பக்கம். முதல் பக்கம் கட்டடத்துக்கு. எத்தனை மாடி, கீழ்த்தளம் கார் நிறுத்தக் காலியாக விட்டதா, அடியில் நல்ல மண்ணா, குளத்தைத் தூர்த்த மண்ணா, தூணில் விரிசல் உண்டா. இரண்டாம் பக்கம் மனிதர்களுக்கு. வயசானவர்கள் எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, நடக்க முடியாதவர் உண்டா, சொந்தமா வாடகையா, வீடு போனால் எங்கே போவீர்கள். ஒரே ஆட்டத்தில் ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடையும், பக்கத்து வீட்டில் பிணம் விழும். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வேலை. கடைசிக் கேள்வி இப்படி இருக்கும்: 'இக்கட்டடத்தின் ஆபத்து வசிப்பவருக்குத் தெரியுமா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் வீட்டுக்கு வீடு 'இல்லை'யில் டிக் அடித்துக்கொண்டே போனேன்.

பரந்தாமன் அண்ணனின் கட்டடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்து நஞ்சை இருந்த இடம். அதை மனையாக்கி, இடிந்த வீடுகளின் செங்கலும் கல்லும் கொட்டி மேடாக்கி, 2009-இல் அண்ணன் நாலு தளம் எழுப்பினார். மேலே மூன்று தளத்திலுமாக ஆறு குடும்பங்கள். கீழே பன்னிரண்டு தூண்களும் காரும் பைக்கும். ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் அண்ணனுக்குக் கை அரிக்கும். நாலு தூண்களுக்கு நடுவே சுவர் வைத்து, ஒரு போர்ஷன் ஆக்கி வாடகைக்கு விட்டிருந்தார்.

பக்கத்திலேயே இருந்த அண்ணன் வீட்டில் எனக்குக் காபி வந்தது. அண்ணி முறுக்கு வைத்தாள். தூண்களைச் சுற்றிப் பார்த்தேன். விரிசல் இல்லை, பூச்சு வழவழவென்று இருந்தது. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: உள்ளே என்ன கம்பி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, வரைபடம் கிடைத்தால் அதை நம்புங்கள். வரைபடம் கிடைத்தது. கிடைக்காமல் என்ன? வரைந்ததே நான்தான். தூணின் அடியிலும் தலையிலும், நெட்டுக்கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற கம்பி வளையமான ரிங் நாலு அங்குலத்துக்கு ஒன்று, தூணும் பீமும் சேர்கிற முடிச்சுக்குள்ளும் ரிங் என்று அழகாகக் கோடு போட்டு, கீழே என் கையெழுத்து. பெருமையாக இருந்தது. நாலு தரவரிசையில் இரண்டாவதான 'ஆ' போட்டேன். கீழ்த்தளம் காலி என்பதற்குக் கழித்த மதிப்பெண்ணை வரைபடத்துக்காகத் திருப்பிக் கொடுத்தேன்.

போர்ஷனில் சுவேதா இருந்தாள். இருபத்தாறு வயசு, ஏழாம் மாசம். கணவன் வெற்றிச்செல்வன் லோடு வண்டி ஓட்டுகிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்களாம். கேள்விகளுக்கு டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"வீடு போனா எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "எங்கனா போவேன். எங்க நைனா ஊட்டுக்கு மட்டும் போவ மாட்டேன்னு எய்திக்கோங்க."

நான் 'இல்லை' என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்கும் 'இல்லை'.

வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டி நிழலில் குந்தியிருந்த ஒருவர் எழுந்து வந்தார். கறுத்து இறுகிய உடம்பு, ஐம்பது தாண்டியிருக்கும். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. உள்ளங்கையில் துரு ஏறி அது தோலாகவே ஆகிவிட்டிருந்தது.

"இன்னாம்மா எய்தின?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"நல்லாக்கீதுன்னு எய்தினியா?"

"நல்லாத்தானே இருக்கு."

"தப்பு. அட்ச்சிட்டு வேற எய்து." குரலில் கெஞ்சல் இல்லை, அதட்டல்தான் இருந்தது. "அந்தத் தூணுங்கள கட்னது நானு. ஜாயிண்ட்ல ஒத்த ரிங் கெடியாது. கீய அடிக்கு ஒண்ணு கீது, அதுவும் கொக்கிய மடக்காம உட்டது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் வரைஞ்ச ப்ளான் அது. நாலு இஞ்ச்னு போட்டிருக்கேன்."

"நீ பேப்பர்ல போட்ட. நான் தூண்ல போடல."

அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று மனசார விரும்பினேன். அதுதான் என் யோக்கியதை. குடித்திருக்கிறாரோ என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். வாசனை இல்லை. "அந்த போர்சன்ல கீறது என் பொண்ணு" என்றார். ஞாயிறுதோறும் கொரட்டூரிலிருந்து வந்து, எதிரே குந்தியிருந்து பார்த்துவிட்டுப் போவாராம். அவள் உள்ளே விடுவதில்லை. பெயர் வேம்புலி என்று சொன்னார், என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அவர் கதையை அப்புறம் ஆஸ்பத்திரியில் அவர் வாயாலும், மிச்சத்தைச் சுவேதா வாயாலும் கேட்டேன்.

வேம்புலியின் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். ஒரு கோடையில் வாய்க்கால் தண்ணீரைத் தன் குடிசையை ஒட்டிய கீரைப் பாத்திக்கு அரைமணி நேரம் திருப்பிவிட்டார். அதற்காக என் பெரியப்பா, பம்புசெட் தூணில் கட்டி வைத்து, மாட்டுக்கு வைத்திருந்த சாட்டையால் அடித்தார். பத்து வயசுப் பையன் வரப்பில் நின்று பார்த்தான். அந்தச் சம்பவத்தை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதன்பின் அப்பா வயலுக்குப் போகவில்லை. பையனும் போகவில்லை. கம்பி கட்டுகிற கோஷ்டியோடு சேர்ந்துகொண்டான். இரும்பை வளைக்கிற வேலை. வளைக்கிறவன் கையையும் இரும்பு சும்மா விடாது. சுண்டுவிரல் வெட்டுமிஷினில் போனது. அடிதடி என்றால் வேம்புலி முதல் ஆளாக நிற்பார். மேஸ்திரிகள் பயந்தார்கள். 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று நம்பிய ஆள். ஆனால் தம்பி ஜெகதீசன் மேல் மட்டும் உயிர்.

2000-இல் அண்ணனும் தம்பியும் கோஷ்டியோடு அகமதாபாத் போனார்கள். மறு வருஷம் குடியரசு தினம், காலை. வேலை இல்லாத நாள். வேம்புலி டீ வாங்க வெளியே போயிருந்தார். ஜெகதீசன் அவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், தூங்கிக்கொண்டிருந்தான். பூமி ஆடியது. மேல்மாடிகள் முழுசாக அப்படியே இருக்க, கீழ்த்தளத் தூண்கள் மட்டும் மடங்கி, கட்டடம் ஒட்டகம் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஆக்சா பிளேடை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் கம்பி அறுத்தார் வேம்புலி. யாரையும் பக்கத்தில் விடவில்லை. தம்பியின் கால் முதலில் வந்தது, அப்புறம் உடம்பு. முகம் வரவில்லை. அறுக்கும்போது ஒவ்வொரு தூணாகக் கம்பியைப் பார்த்திருக்கிறார். நெட்டுக்கம்பிகள் தடிமனாக, நன்றாகத்தான் இருந்தன. ரிங்குகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. முடிச்சுகளில் ரிங்கே இல்லை.

"எங்காளுங்க எல்லாம் அப்டித்தாம்மா உடுவோம்" என்றார் என்னிடம். "பீம் கம்பி வந்து ஏறினப்புறம் ஜாயிண்ட்டுக்குள்ள கை நுயயாது. ரிங்கு போட்டுத்தான் தீரணும்னா பீமயே அவுத்துக் கட்டணும். அங்கதான் இத்தினி கம்பி கீதே, ரிங்கு எதுக்குன்னு உட்ருவோம். கூலி டன் கணக்கு. ரிங்கு வெயிட்டே வராது, நாள் பூரா இத்துக்கும். மேஸ்திரிக்கும் ஓனருக்கும் மறுநாள் கான்கிரீட் போட்டாவணும்."

"அகமதாபாத்ல பார்த்தீங்களே. அப்புறமுமா?"

"அப்புறமுந்தான்."

இதை அவர் மறைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வருஷம் ரிங் போட்டுத்தான் கட்டினாராம். வேலை மெதுவாகிறது என்று மூன்று மேஸ்திரிகள் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அரிசி இல்லை. நாலாவது மேஸ்திரியிடம் போனபோது பழையபடி கட்டினார். அப்படிக் கட்டிய நாளெல்லாம் குடித்தார். குடித்த நாளெல்லாம் மனைவி கெங்கம்மாளை அடித்தார். பெல்ட்டால், கையால், ஒருமுறை கம்பி வளைக்கிற சாவியால். அவள் தோள்பட்டை இறங்கி, கடைசிவரை சரியாகவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் செத்தாள். காமாலைதான் கொன்றது என்று டாக்டர் சொன்னதைச் சுவேதா இன்றுவரை ஏற்கவில்லை. அம்மாவைப் புதைத்த அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட்டாள். வேம்புலி அதற்கப்புறம் குடியை விட்டார். யாருக்கு என்ன பிரயோசனம்?

நான் சர்வேக்குப் போவதற்கு ஆறு மாசத்துக்கு முன்னால், மகள் குடியேறிய வீட்டைத் தேடிக்கொண்டு வந்து, அந்தப் பன்னிரண்டு தூண்களைப் பார்த்ததும் இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம்.

நான் அன்றைக்கே பாரத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. பரந்தாமன் அண்ணனிடம் போய்ப் பக்குவமாகக் கேட்டேன். "அவன் அப்பன்லேர்ந்தே நமக்கு ஆகாதவன்டி. நீ வரைஞ்ச ப்ளான், நீயே குறை சொல்லுவியா?" என்றார். ஊரான் வீட்டு விரிசலை எல்லாம் டார்ச் அடித்து எழுதியவள், சொந்தக்காரன் வீட்டில் முறுக்கைக் கடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேம்புலி மகளிடம் போனார். கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்து விஷயத்தைச் சொன்னார். சுவேதா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "நீ அட்ச்ச அடியில சாவாதவ, ஊடு உய்ந்து சாவப்போறேனா? போ நைனா. ஓனரு கூட ஒனக்கு இன்னா தகராறோ, அதுக்கு என்ன நடுத்தெருவுல நிக்க வெக்காத."

வாழ்நாள் முழுக்கக் கையால் பேசிய மனுஷன் ஒருநாள் வாயால் உண்மை பேசினால் யார் நம்புவார்கள்? அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது. "பாரத்த எடுத்துகினு வா. கண்ணால பாத்து எய்து."

நான் போனபோது பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, மூலைத் தூணின் தலையில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் புழுதியில் முகம் வெளுத்துப் போயிருந்தது. தெறித்த ஜல்லி நெற்றியைக் கிழித்து ரத்தம் புருவம்வரை வந்திருந்தது. துடைக்கவில்லை. மேல்மாடிக் குடும்பங்கள் படிக்கட்டில் நின்று கத்தின. வாசலில் சுவேதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்ததால்தான் இருபது நிமிஷம் கிடைத்தது.

கார் வந்து நின்றது. பரந்தாமன் அண்ணன் இறங்கும்போதே, "டேய், எறங்குடா பேமானி! எவன் ஊட்டுத் தூண்ல கைய வெக்கிற?" என்று கத்தினார்.

வேம்புலி திரும்பவே இல்லை. "தோ, தெரியுது. இன்னும் ரெண்டு அடி."

இளங்கோ டிரம்மை எட்டி உதைத்தான். வேம்புலி தரையில் முதுகு அடிபட விழுந்தார். விழுந்த மனுஷன் அப்படியே எழுந்து இளங்கோவின் தாடையில் ஒரு குத்து விட்டார். பல் தெறித்ததைப் பார்த்தேன். அந்தப் பல்லைப் பற்றி ஸ்டேஷனில் யாரும் கேட்காதது வேறு விஷயம். இளங்கோவோடு வந்த இரண்டு பேர் வேம்புலியின் வயிற்றில் மிதித்தார்கள். அவர் ஒருவன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, அவன் மேல் ஏறிக் கழுத்தை நெரித்தார். அவன் கண் பிதுங்கியது. கொன்றுவிடுவார் என்றே நினைத்தேன். அப்போதுதான் சவுக்குக் கட்டை வந்தது.

"அண்ணே, நிறுத்தச் சொல்லு! செத்துடுவாரு!" என்று நான் கத்தியபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கை முறிந்த பிறகும் இளங்கோ மூன்று அடி போட்டான். முதுகில் இரண்டு, தலையில் ஒன்று. நாலாவதற்கு ஓங்கியபோது குறுக்கே சுவேதா வந்து நின்றாள், ஏழு மாச வயிற்றோடு. கட்டை அந்தரத்தில் நின்றது.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. உருண்டு கிடந்த டிரம்மை நிமிர்த்தி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். போன் டார்ச்சை அடித்து அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். நானும் எக்கிப் பார்த்தேன். நாலு நெட்டுக்கம்பிகள் மேலே போயின. அவற்றைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நான் காகிதத்தில் போட்ட கோடுகள் ஒன்றுகூட அங்கே இல்லை.

சுவேதா இறங்கி, தரையில் கிடந்தவரின் எதிரே நின்றாள்.

"எத்தினி தூண்ல இப்டி?"

"பன்னெண்டுலயும்."

"தெரிஞ்சேவா உட்ட?"

"தெரிஞ்சேதான்."

"சித்தப்பா செத்தத பாத்துட்டு வந்துமா?"

அவர் தலையாட்டினார்.

"நான் குடி வருவேன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ரிங்கு போட்ருப்பியா?"

"போட்ருப்பேம்மா."

"அப்போ வேற எவளோ வந்து சாவட்டும்னுதான உட்ட?" என்று சொல்லிக் குனிந்து, ரத்தம் ஒழுகிய அந்தக் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். இளங்கோவின் கட்டைக்கு அழாத மனுஷன் அதற்கு அழுதார். வாய்விட்டு, கேவிக் கேவி அழுதார். நானும் அழுதேன். அந்த அறையில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

ஸ்டேஷனில் இரண்டு புகார்கள். தூணை உடைத்ததாக அண்ணன் கொடுத்தது, கையை உடைத்ததாக வெற்றிச்செல்வன் மாமனாருக்காகக் கொடுத்தது. வேம்புலி டிரம்மிலிருந்து தவறி விழுந்தார் என்று சொல்லச் சொல்லி அண்ணி எனக்கு மூன்று தடவை போன் செய்தாள். நான் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அன்றோடு பிறந்த வீட்டுப் பேச்சு நின்றது. தொல்லை விட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொங்கலுக்கு யாரும் கூப்பிடாதபோது வலித்தது.

ஆனால் என் வாக்குமூலத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கையில் கட்டோடு வந்த வேம்புலி, தன் கைக்காகக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கினார். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சுவேதா வந்து அவரிடம் ஒரு பேச்சு பேசியிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் அந்த போர்சன காலி பண்றேன். கொரட்டூர் ஊட்டுக்கு வரேன். அது சிமெண்ட் சீட்டு போட்ட ஊடு, உய்ந்தாலும் மண்டதான் ஒடையும், உசுரு போவாது. ஆனா நீ அங்க இருக்கக் கூடாது. எங்கம்மா அடி வாங்கின ஊட்ல, நீ இருக்கச்சொல்ல என் புள்ள பொறக்காது."

"செரி" என்றார் வேம்புலி.

அவள் போன பிறகு நான் கேட்டேன். "நீங்க எங்க போவீங்க?"

"அந்த போர்சன்லயே இருந்துடுறேன்."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. "பைத்தியமா உங்களுக்கு? அதுக்கா கைய ஒடச்சிகிட்டீங்க?"

"நீ இன்னாம்மா, வெவரமில்லாம பேசற. அவ காலி பண்ணா ஒங்கண்ணன் சும்மா உடுவானா? ஓட்டைய பூசிட்டு, அடுத்த மாசமே வேற எவளாவது கைப்புள்ளய தூக்கினு குடி வந்துருவா. நான் உள்ள குந்தினா எவளும் வர முடியாதுல்ல?"

மகளின் அறைக்கு அவர் யோசித்துக் கண்டுபிடித்த பதில் அதுதான். ஸ்டேஷனில் சமாதானம் எழுதியபோது அதையே கேட்டார்: கையை உடைத்ததற்கு வழக்கு வேண்டாம், மகள் குடியிருந்த போர்ஷனை எனக்கே விட வேண்டும். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டார். தூண்களைப் பலப்படுத்துவதாகவும் எழுதிக் கொடுத்தார். செய்தது என்ன? ஓட்டையில் ஒரு சட்டி சிமெண்ட் அப்பி, மேலே சுண்ணாம்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மேல்மாடி ஆறு குடும்பங்களில் இரண்டு காலி செய்தன. மிச்ச நாலு இருக்கின்றன. பள்ளிக்கூடம் பக்கம், வேலை பக்கம், வாடகை கட்டுப்படியாகிறது என்று ஆளுக்கொரு காரணம். வேம்புலி படிக்கட்டில் ஏறி இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார். சண்டையும் போடுகிறார். போன மாசம் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

சுவேதாவுக்குக் கொரட்டூரில் பெண் குழந்தை பிறந்தது. வேம்புலி ஞாயிறுதோறும் போய்த் தன் சொந்த வீட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறார். சில நாள் வெற்றிச்செல்வன் சாப்பாட்டு டப்பாவோடு வானகரம் வருவான். யார் கொடுத்தனுப்பியது என்று அவன் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை.

நான் அந்தக் கட்டடத்தின் தரத்தை அடித்து, கடைசித் தரமான 'ஈ' போட்டு, ஓட்டையை எடுத்த போட்டோவை இணைத்து அனுப்பினேன். வரைந்தது நான்தான் என்பதையும் எழுதினேன். கீழ்த்தளத்தில் ஆள் மாறியதால் இரண்டாம் பக்கத்தைப் புதிதாக நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். என் பருத்திப்பட்டு வீட்டைக் கட்டிய கோஷ்டி எது என்று அவரிடம் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பாரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

வேம்புலி கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு மூலையிலும் நாலு தூண்கள். சுவரில் கெங்கம்மாள் போட்டோவும் ஜெகதீசன் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. வலது கை பாதிக்குமேல் மடங்கவில்லை. இனி கம்பி கட்ட முடியாது.

கேட்டுக் கேட்டு எழுதினேன். வசிப்பவர் ஒருவர். ஆண். ஐம்பத்து நாலு வயசு. வேலை இல்லை. வலது கை முடியாது.

"வீடு போனா எங்க போவீங்க?"

"பொண்ணு ஊடு கீது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "உள்ள உட மாட்டா. இல்லன்னு எய்து."

எழுதினேன். கடைசிக் கேள்வி வந்தது. அவரே பாரத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, இடது கைக் கட்டைவிரலை 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

நானூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களில், அந்தக் கட்டத்தில் நான் அடித்த ஒரே டிக் அதுதான்.